தங்க மருந்தும் தெருமுனைப் பிளக்ஸும்

1

ஜெர்மனிக்கு வந்து பதினாறு வருடம் நிறைந்த வாரத்தில், குடியிருப்பு அட்டையைப் புதுப்பிப்பதற்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் வரிசை எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் திருவானைக்காவலிலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். மாமா என்றால் என் அக்கா சாரதாவின் கணவர், நடராஜன். திருச்சி சின்னக்கடைத் தெருவில் சிறிய நகைக்கடை வைத்திருக்கிறார்.

படத்தில் எங்கள் தெருமுனை தெரிந்தது. மின்கம்பத்துக்கும் டீக்கடைக்கும் நடுவே, இரண்டு ஆள் உயரத்துக்கு, கோட் போட்டுக்கொண்டு நான் நின்றிருந்தேன். அந்தக் கோட் என்னுடையது அல்ல. கழுத்துக்குக் கீழே இருந்த உடம்பும் என்னுடையது அல்ல. தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் ஒன்று இருந்தது. “புற்றுநோயைத் தங்கத்தால் வென்ற எங்கள் தெருவின் தவப்புதல்வரே, வருக வருக” என்று எழுதியிருந்தார்கள். கீழே தெரு நலச் சங்க நிர்வாகிகள் ஆளுக்கொரு வட்டத்துக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வருவதாக யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

என் எண் வந்தது. உள்ளே இருந்த அம்மையார் கோப்பைப் புரட்டிவிட்டு, போன முறைக்கும் இப்போதைக்கும் என் நிலையில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டார். ஒளிவட்டத்தை நினைத்துக்கொண்டேன். மாற்றம் ஒன்றும் இல்லை என்றேன். பதினாறு வருடத்துக்குப் பிறகும் என் ஜெர்மன், அரசு அலுவலகங்களில் மட்டும் நாக்கோடு ஒட்டிக்கொள்ளும். அந்த அம்மையார் என் வாக்கியம் முடியும்வரை பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, அதைத் திருத்திச் சொல்லி, திருத்தியதையே எழுதிக்கொண்டார்.

2

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீங்களும் எனக்கு ஒரு பிளக்ஸ் வைத்துவிடுவீர்கள்.

தங்கத்தை மிக மிகச் சிறிய துகள்களாக்கி எலிகளுக்கு ஊசி போடுகிறேன். ஒரு தலைமுடியின் தடிமனை ஆயிரக்கணக்கில் கூறு போட்டால் வரும் ஒரு கூறு அளவுக்கு ஒரு துகள். இதைத்தான் நானோ என்கிறார்கள். எலியின் உடம்பில் உள்ள புற்றுக்கட்டிக்குள் துகள்கள் போய் உட்கார்ந்ததும், வெளியிலிருந்து ஒருவகை ஒளியைக் காட்டினால் அவை சூடேறும். அந்தச் சூட்டில் கட்டி வெந்துவிடும். வெந்ததைப் பார்த்து உடம்பின் காவல் அணுக்கள் விழித்துக்கொண்டு, மிச்சம் மீதி இருப்பதையும் தேடிப் போய் அழிக்க வேண்டும். இது திட்டம். நடப்பது என்னவென்றால், துகள்களில் பெரும்பங்கு கட்டிவரை போய்ச் சேருவதே இல்லை. வழியிலேயே கல்லீரலும் மண்ணீரலும் பிடித்து விழுங்கிவிடுகின்றன. காவல் அணுக்கள் திருடனை விட்டுவிட்டு என்னைப் பிடிக்கின்றன. பத்து வருடமாக நான் அவற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதை மாமாவுக்கு ஒருமுறை வீடியோ காலில் காட்டினேன். நகைக்கடைக்காரருக்குத் தங்கத்தைக் காட்டுவது தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. குப்பியில் இருந்தது சிவப்பாக இருந்தது. தங்கம் அவ்வளவு சிறியதாகிவிட்டால் நிறம் அப்படி மாறிவிடும். மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். ரோஸ்மில்க்கைக் காட்டி ஏமாற்றுகிறேன் என்று நினைத்தார். ஹால்மார்க் உண்டா என்று கேட்டார். உரைகல்லில் உரைத்துப் பார்த்தாயா என்றார். கடைசியில் சேதாரம் எவ்வளவு என்று கேட்டார். கல்லீரல் கதையைச் சொன்னேன்.

“போடுறதுல முக்கால்வாசிக்கு மேல சேதாரமா? மாப்ள, எங்க கடையில இப்படிச் சொன்னா கஸ்டமர் கழட்டி விட்ட செருப்ப எடுத்துக்கிட்டு உள்ள வருவான்” என்றார்.

ஆனாலும் அவருக்குப் பெருமை. எங்கள் ஆய்வுக்கூடம் வெளியிட்ட ஒரு சிறிய குறிப்பைத் திருச்சி நிருபர் ஒருவர் எப்படியோ பிடித்து, எனக்குப் போன் செய்து, அரை மணி நேரம் அக்கறையாகக் கேட்டு எழுதினார். எலி, எலி என்று நான் மூச்சுக்கு மூச்சு சொன்னேன். கட்டுரையில் எலி கடைசிப் பத்தியில் இருந்தது. தலைப்பில் தங்கம் மட்டும் இருந்தது. எங்கள் தெருவில் கடைசிப் பத்திவரை படிக்கிறவர் யாரும் இல்லை. மாமா அதை லேமினேட் செய்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார். சங்கம் பிளக்ஸ் வைத்தது.

சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் அடுத்த வாரமே மாமா மறுபடியும் கூப்பிட்டார். கடையின் பின்னறையிலிருந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

3

அக்காவுக்கு நாலு வருடத்துக்கு முன்னால் மார்பில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. தெருவுக்கு அது தெரியும். பிறகு நன்றாகத்தான் இருந்தாள். இந்த வருடம் அது நுரையீரலில் ஒரு புள்ளியாகத் திரும்பி வந்திருக்கிறது. இது எங்கள் மூன்று பேருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். டாக்டர் வாராவாரம் ஏற்ற வேண்டிய ஒரு மருந்தை எழுதிக் கொடுத்து, தள்ளிப்போடக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

அக்கா தள்ளிப்போட்டாள். முதல் வாரம் சந்திராஷ்டமம் என்றாள். அடுத்த வாரம் ஆடி வெள்ளி, அகிலாண்டேஸ்வரியைப் பார்க்காமல் எங்கும் வர மாட்டேன் என்றாள். அதற்கடுத்த வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வருகிறான் என்றாள். வெள்ளையடிக்கிறவனை அவளேதான் வரச் சொல்லியிருந்தாள்.

“நீ தங்க மருந்து கொண்டாருவன்னு உக்காந்திருக்கா மாப்ள. நான் என்ன சொன்னாலும், பாப்போம் பாப்போம்ங்கிறா. நீ பேசு. எனக்குக் கடையில கை ஓட மாட்டேங்குது” என்றார் மாமா. ஐம்பது வருடமாகக் கிராமுக்கும் மில்லிக்கும் பேரம் பேசிய மனிதர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

என் அக்கா, நான் எலிக்குப் போடுகிற ஊசிக்காகத் தன் உயிரை நிறுத்தி வைத்திருக்கிறாள். அந்த ஊசி எலிக்கே பாதி நேரம் கேட்பதில்லை. பத்து வருட உழைப்பும் அந்த நிமிஷத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்ததும் நானோ மருந்துதான். எங்கேயோ யாரோ என்னைப் போல எலிகளோடு மல்லுக்கட்டி, என்னைப் போல் அல்லாமல் ஜெயித்து, ஆஸ்பத்திரிவரை கொண்டுவந்து சேர்த்த மருந்து. பழைய வகையில், தண்ணீரில் கரையாத மருந்தைக் கரைக்க ஒரு திரவம் சேர்ப்பார்கள். நாலு வருடத்துக்கு முன், ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பழைய வகையை ஏற்றியபோது, அந்தத் திரவம்தான் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாமல் மூச்சு முட்டியது. இதில் அந்தத் திரவம் கிடையாது. மருந்தை ஒரு புரதத்தில் பொதிந்து நுண்ணிய துகளாக்கியிருப்பார்கள். நான் கனவு கண்டுகொண்டிருப்பதை வேறொருவர் செய்து முடித்து, திருச்சியில் அலமாரியில் வைத்திருக்கிறார். அக்கா அதை விட்டுவிட்டு என்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

4

அங்கே விளக்கு வைக்கும் நேரமாகப் பார்த்து அவளைக் கூப்பிட்டேன். என் மகள் இனியா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாலு வயது. தமிழ் முழுக்கப் புரியும். பேசச் சொன்னால், தமிழ்ச் சொற்களை ஜெர்மன் வரிசையில் அடுக்குவாள். வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வந்துவிடுவதால் யாருக்கும் பெரிதாகத் தெரியாது.

அக்கா வழக்கம்போல் என்ன சமைத்தேன் என்று ஆரம்பித்தாள். நான் நேராக விஷயத்துக்கு வந்தேன். என் தங்கம் எலிக்குத்தான், மனிதருக்கு வர எத்தனை வருடம் ஆகுமோ, வராமலே போனாலும் போகலாம் என்றேன்.

அக்கா சொன்னாள்: “எனக்குத் தெரியாதாடா? எலிக்கு ஊசி போடுறேன் எலிக்கு ஊசி போடுறேன்னு பத்து வருஷமா நீதான சொல்லிக்கிட்டு இருக்க. எலி செத்துப்போச்சுன்னு ஒரு தீபாவளிக்குப் போன்ல அழுதியே, மறந்துட்டியா. நீ கொண்டாருவன்னு நான் ஒண்ணும் உக்காந்திருக்கல.”

“பின்ன ஏங்க்கா போகல?”

“எப்படிடா போவேன்? தெரு முழுக்க உன்னப் பத்தித்தான் பேச்சு. நேத்து வரைக்கும் என்னக் கண்டுக்காதவங்கல்லாம் நிறுத்தி விசாரிக்கிறாங்க. இப்பப் போய் நான் வேற மருந்து ஏத்திக்கிட்டு வந்தா, தம்பி மருந்து சொந்த அக்காவுக்கே ஆகலியாம்னு பேச மாட்டாங்க?”

யாருக்கும் தெரியாமல் சன்னதித் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போகலாமே என்றேன்.

“முடி கொட்டுமேடா. தலைக்கு எந்தத் தெரு வழியா சுத்திக்கிட்டுப் போறது?” என்றாள். பிறகு குரல் இறங்கியது. “அந்த ஊர்ல உன்ன யார் மதிக்கிறாங்களோ என்னமோ. வரிசையில நிக்கிறேன், அட்டைய மாத்துறேன்னே சொல்லிக்கிட்டு இருக்க. இங்கயாவது நாலு பேர் மதிக்கிறாங்க. ஒரு ரெண்டு மாசம் அது அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே.”

எனக்குக் கோபம் வந்தது, சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியவில்லை. என் அக்கா எனக்காகக் காத்திருக்கவில்லை. என் மானத்துக்குக் காவல் இருக்கிறாள். அதுவும் டீக்கடை வாசலில் நிற்கும், இன்னொருவனின் உடம்போடு ஒட்டிய என் மானத்துக்கு.

போனை வைத்ததும் இனியா கணக்கிலிருந்து தலையைத் தூக்கினாள். அந்தப் பேனரில் இருப்பது பொய்தானே, அப்படியானால் திருத்தம் போட வேண்டியதுதானே என்று ஜெர்மனில் கேட்டாள். இங்கே செய்தித்தாளில் தப்பு வந்தால் மறுநாள் திருத்தம் போடுகிறார்கள், அதே இடத்தில், அதே அளவில். பள்ளிக்கூடத்தில் அதைத்தான் அந்த மாதம் பாடமாக நடத்தியிருந்தார்கள்.

5

நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒருமுறை, கையுறை ஒன்று கிடைத்தது, யாருடையது என்று கேட்டுத் தபால்பெட்டி அருகே ஒரு துண்டுத் தாள் ஒட்டினேன். மறுவாரம் கட்டட நிர்வாகத்திலிருந்து எனக்குப் பதிவுத் தபால் வந்தது. பொதுச் சுவரில் அறிவிப்பு ஒட்ட முன் அனுமதி தேவை, அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், பரிசீலனைக்கு ஆறு வாரம் ஆகும். ஊரில் அந்தத் தொல்லை இல்லை. என் முகத்தை இரண்டு ஆள் உயரத்துக்கு வைப்பதற்கு என்னிடமே யாரும் அனுமதி கேட்கவில்லை.

இனியா கணினியில் உட்கார்ந்தாள். தமிழ் வகுப்புக்குப் போ என்று தலைகீழாக நின்றாலும் போகாத பெண், அன்று எழுத்துருக்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். பேனருக்கு என் படம் வேண்டுமென்றாள். கையில் இருந்தது குடியிருப்பு அட்டைக்கு எடுத்தது. சிரிக்கக் கூடாது, வாய் மூடியிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். அந்தப் படத்தில் நான் இரண்டு மாநிலப் போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருப்பேன். அதுதான் பொருத்தம் என்று அதையே வைத்தாள். வாசகம் நான் எழுதினேன்:

“தெருப் பெருமக்களுக்கு வணக்கம். நான் புற்றுநோயை வெல்லவில்லை. என் தங்க மருந்து எலிகளுக்கானது. அவற்றிலும் சிலவற்றுக்குத்தான் கேட்கிறது. உடம்புக்கு முடியாதவர்கள் யாரும் என்னை நம்பிக் காத்திருக்க வேண்டாம். உங்கள் டாக்டர் சொல்லும் மருந்தை உடனே எடுத்துக்கொள்ளுங்கள். இப்படிக்கு, பாலு.”

ஸ்ரீரங்கத்தில் பிளக்ஸ் அடிக்கிற கடைக்கு அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் கூப்பிட்டார். நல்ல மனிதர். மேட்டரில் ஒரு தப்பு இருக்கிறது, வென்றேன் என்பதற்குப் பதிலாக வெல்லவில்லை என்று விழுந்துவிட்டது என்றார். அது சரிதான் என்றேன். அவருக்குச் சமாதானம் ஆகவில்லை. “எலக்‌ஷன்ல எதுவும் நிக்கிறீங்களா சார்? இல்ல, உங்களுக்கு ஆகாதவங்க யாரும் போடச் சொன்னாங்களா?” என்று கேட்டார். தன் முகத்தைத் தானே போட்டு, தான் ஒன்றும் செய்யவில்லை என்று யாரும் இதுவரை அடித்ததில்லையாம். பின்னணி ரொம்ப வெறுமையாக இருக்கிறது என்று வருத்தப்பட்டு, மயிலும் தாமரையும் இலவசமாகச் சேர்த்துக்கொடுத்தார்.

சங்கத் தலைவர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பிளக்ஸை இறக்கினால் சங்கத்துக்கு இழுக்கு என்றார். மாமா போய் நயமாகப் பேசினார். கடைசியில் ஒரே நிபந்தனையோடு சம்மதித்தார்கள். புதிய பிளக்ஸிலும் கீழே நிர்வாகிகள் படம் வர வேண்டும். அப்படியே வந்தது. நான் புற்றுநோயை வெல்லவில்லை என்ற வாசகத்துக்குக் கீழே அத்தனை பேரும் அதே வட்டங்களில் அதே சிரிப்போடு இருந்தார்கள்.

மாமாவுக்குத்தான் கஷ்டம். என் பேரைச் சொல்லிக் கடைக்குப் புதிதாக நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் காலையில் அவரே ஏணியில் ஏறிக் கட்டினார். இரும்புக் கம்பி கையைக் கிழித்துவிட்டது. அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, பிறகு அக்கா சொல்லித்தான் தெரிந்தது.

அக்கா பால் வாங்கப் போனவள் பார்த்துவிட்டாள். எனக்கு அப்போது விடியவே இல்லை. போன் அடித்தது.

“மானத்த வாங்கிட்டியேடா” என்றாள்.

“ஆமாக்கா. இனிமே அங்க காவல் காக்க ஒண்ணும் இல்ல. நீ போய் மருந்து ஏத்திக்க.”

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

“அந்தப் போட்டோவுல ஏன்டா அப்படி இருக்க? சாப்பிடுறியா இல்லையா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு மாமாவை ஆட்டோ கூப்பிடச் சொல்லியிருக்கிறாள். போகும்போது டீக்கடையில் யாரோ, என்னம்மா தம்பி இப்படிப் பண்ணிட்டாரு என்று கேட்டிருக்கிறார்கள். அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே பொய் சொல்ல வராது என்று ஆட்டோவிலிருந்தே சொன்னாளாம். இது உண்மையல்ல. என் பத்தாம் வகுப்பு மார்க் விஷயம் அவளுக்கே தெரியும்.

6

ஆஸ்பத்திரியில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வீடியோவில் வந்தாள். கம்பியில் தொங்கிய பாட்டிலில் மருந்து வெள்ளையாக இருந்தது.

“என்னடா, ஆவின் பால் மாதிரி இருக்கு? இதுல என்ன சேத்திருக்கு?”

எங்கள் வீட்டில் முட்டை வைத்த பாத்திரம்கூட உள்ளே வராது. நான் தயங்கினேன். நர்ஸ் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை தூரம் வந்தபிறகு பொய் சொல்ல மனம் வரவில்லை. மருந்தைப் பொதிந்திருக்கிற புரதம் மனித ரத்தத்திலிருந்து எடுத்தது, யார் யாரோ கொடுத்த ரத்தம் என்றேன்.

“கொன்னு எடுக்கலேல்ல?”

“இல்லக்கா. அவங்களா வந்து குடுக்கிறது.”

“அப்ப தானம்தான். ஏத்தச் சொல்லு” என்று கையை நீட்டினாள்.

அது புரட்டாசி. இப்போது மார்கழி. முடி போய்விட்டது. தலையில் துணி கட்டிக்கொண்டு கோலம் போடுகிறாள். விரல் நுனி மரத்துப்போவதால் புள்ளி தப்புகிறது என்று மட்டும் குறைப்பட்டுக்கொள்கிறாள். தெருவில் பேசத்தான் செய்தார்கள். ஒரு மாதம் பேசிவிட்டு, சங்கத் தேர்தல் வந்ததும் அதற்குப் போய்விட்டார்கள். போன வாரம் ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் இருந்த புள்ளி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது. முழுதாகப் போகுமா என்று டாக்டர் சொல்லவில்லை. தொடர்ந்து ஏற்றுவோம் என்றார். மாமா அதைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்காமலே போனை அக்காவிடம் கொடுத்துவிட்டார்.

அக்கா ஸ்கேனைப் பற்றிப் பேசவில்லை. என்னிடம் ஒன்று கேட்டாள்.

“பாலு, இந்த மருந்தக் கண்டுபிடிச்சான் பாரு, அவனுக்கு அக்கா இருக்காளாடா?”

தெரியாது என்றேன்.

“இருந்தா அவளும் தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் திரிவா. திரியட்டும்” என்றாள். “நல்லா இருக்கட்டும்.”